உங்களுக்குத் தெரியுமா? வீட்டு அறையில் ஒரு பாட்டுப் பதிவு

கரோக்கி டிராக்கைப் போட்டு வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நல்ல குரல்கள், நல்ல சுருதி ஞானம். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால் இசை ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நிற்கிறது. "மைக் சரியில்லை, இன்னும் விலை கூடினதா வாங்கணும்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மைக்கில் இருப்பதில்லை. அறை, தூரம், அளவு, நேரம் ஆகிய நாலில் ஒன்றில்தான் இருக்கும். கடைக்குக் கிளம்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

★ 'குரல் பதிவு என்றால் கண்டென்சர் மைக்தான்' என்பது பரவலான நம்பிக்கை. 1982-இல் வெளிவந்த 'த்ரில்லர்' ஆல்பத்துக்காக மைக்கேல் ஜாக்சனின் குரலைப் பதிவு செய்ய ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் எடுத்துக்கொண்டது ஷூர் எஸ்எம்7. அது டைனமிக் வகை மைக். கண்டென்சர் மிக நுட்பமாகக் கேட்கும். அந்த நுட்பத்தோடு தெருவில் போகிற ஆட்டோவையும் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்தே கேட்கும். சத்தமில்லாத, எதிரொலி அடக்கிய அறை வாய்த்தவர்களுக்குக் கண்டென்சர் நல்லது. மற்றவர்கள் டைனமிக் மைக்கை வாங்கி நெருங்கி நின்று பாடினால் அதிக சுத்தமான பதிவு கிடைக்கும். ஒரே நிபந்தனை: டைனமிக் மைக் தரும் மின்சைகை மெலிதானது. அதைத் தூக்கிவிட ஆடியோ இன்டர்ஃபேஸில் கெயின் தாராளமாக இருக்க வேண்டும்.

★ இன்டர்ஃபேஸில் '48வி' என்று ஒரு பொத்தான் இருக்கும். கண்டென்சர் மைக்குக்கு அதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் 'ஃபேன்டம் பவர்' அது. ஏன் 48 வோல்ட்? 1966-இல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்காக கேஎம்84 என்ற மைக்கைச் செய்தது. குளிர்காலத்தில் வெளிச்சமே அரிதான அந்த நாட்டில், வானொலி நிலையத்தின் துணை விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். பிற்பாடு அதுவே உலகத் தரமாகிவிட்டது. யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான்; அதை 48-ஆக உயர்த்துவது உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் வேலை.

★ பாடகருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது, மைக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைவிட முக்கியம். வீட்டில் நாம் பயன்படுத்தும் மைக்குகளில் பெரும்பாலானவை 'கார்டியாய்டு' வகை: முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் காது மந்தம். அதன் முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறது. அதாவது உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரையும் பார்த்திருக்கிறது. நீங்கள் பாடியது சுவர்களில் பட்டுத் திரும்பி, அந்தச் சுவர் வழியாக மைக்குக்குள் வருகிறது. வீட்டில் துணி நிறைந்த பீரோ இருந்தால் கதவுகளை விரியத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். அடுக்கிய புடவைகளும் தொங்கும் சட்டைகளும் எதிரொலியை விழுங்கும். பீரோ இல்லாவிட்டால் கொடி கட்டிக் கனமான ஜமுக்காளத்தையோ கம்பளியையோ முதுகுக்குப் பின்னால் தொங்கவிடலாம். மடிக்கணினியையும் சன்னலையும் மைக்கின் முதுகுப்பக்கம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

★ அறை எப்படி என்று தெரிய நடு அறையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டியபின் 'ட்ர்ர்' என்று ஒரு சிலிர்ப்பு கேட்டால், எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது. அந்தச் சிலிர்ப்பு உங்கள் குரலிலும் விழும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க வராது.

★ முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதை ஒரு மெல்லிய அட்டை என்ன செய்துவிடும்? கடைகளில் விற்கும் 5 சென்டிமீட்டர் ஃபோமும் மேல் ஸ்தாயி எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது.

★ மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மைக்குக்கு நேராகப் போய்ச் சேரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தள்ளி நிற்க நிற்கக் குரல் மெலிந்து, அறை பெரிதாகக் கேட்பது இதனால்தான். கார்டியாய்டு மைக்கில் இன்னொரு குணமும் உண்டு: உதட்டைக் கிட்டத்தில் கொண்டுபோனால் அடிக்குரல் கனத்துவிடும். ரகசியம் பேசுவதுபோல் பாடும் பாட்டுக்கு அந்தக் கனம் அழகு. அதே நெருக்கத்தில் சரணத்தின் உச்சத்தைப் பாடினால் குரல் கொழகொழவென்று ஆகும். கண்டென்சருக்கு ஒரு சாண், டைனமிக்குக்கு நாலு விரல் என்று ஆரம்பியுங்கள். உச்சம் வரும்போது சற்றே பின்வாங்கிப் பழகுங்கள். ஒரே பாட்டில் பல்லவியைச் சாணளவிலும் சரணத்தை முழ அளவிலும் நின்று பாடிவிட்டு, 'இரண்டும் ஒரே குரல் மாதிரி இல்லையே' என்று பிறகு வருந்திப் பயனில்லை.

★ 'ப' வரும் இடமெல்லாம் 'பொத்' என்று காற்று அடிக்கிறதா? பாப் ஃபில்டர் இல்லாதவர்கள் மைக்கின் முன்னால் நடுவாக ஒரு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டிப் பாருங்கள். நேராக வரும் காற்று பிரிந்து போகும். அல்லது மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பாடினாலும் போதும்.

★ 'சிவப்பு விளக்கைத் தொடுகிற அளவுக்குச் சத்தமாகப் பதிவு செய்' என்பது நாடாக் காலத்து அறிவுரை. நாடாவின் இரைச்சலை மீற அன்று அது தேவைப்பட்டது. டிஜிட்டலில் ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபெல் இடைவெளி தருகிறது. 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. இவ்வளவு இடம் இருக்கும்போது உச்ச வரிகள் -12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தாண்டிய குரலின் தலை வெட்டுப்பட்டுவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒத்திகையில் எல்லோரும் அடக்கித்தான் பாடுவார்கள். கெயினைப் பாட்டின் உச்ச வரியைப் பாடிப் பார்த்து வையுங்கள்.

★ பதிவில் 'ம்ம்ம்' என்று ஒரு அடிநாதம் தொடர்ந்து வந்தால் அது பெரும்பாலும் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

★ ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் இசை உங்கள் காதுக்கு வர 150 முதல் 200 மில்லி விநாடி வரை ஆகலாம். 200 என்றே வைத்துக்கொண்டால், மிருதங்கக்காரரை 68 மீட்டர் தள்ளி உட்காரவைத்து அவர் வாசிப்பைக் கேட்டுப் பாடுவது மாதிரி. தாளக்கட்டு நன்றாக உள்ளவர்கள்கூடப் பதிவில் இழுத்துப் பாடுவதாகக் கேட்பதன் காரணம் இதுதான். எத்தனையோ பேர் இதைத் தங்கள் லய ஞானத்தின் குறை என்று எண்ணி மனம் தளர்ந்திருக்கிறார்கள். குறை அவர்களுடையது அல்ல. ஒயர் உள்ள ஹெட்போனுக்கு மாறுங்கள். இந்தப் பத்தியில் ஒரே ஒரு யோசனையை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.

★ ஒயர் போட்டாலும் கொஞ்சம் தாமதம் மிச்சமிருக்கும். கணினி ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் கையாள்கிறது. அந்தப் பொட்டலத்தின் அளவு 'பஃபர்'. 44,100 ஹெர்ட்ஸில் 256 மாதிரி என்று வைத்தால் சுமார் 6 மில்லி விநாடி, 1024 என்று வைத்தால் 23. பாடும்போது பஃபரைக் குறையுங்கள், மிக்ஸிங்கின்போது கூட்டிக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' இருந்தால், கணினிக்குள் போகாமலே உங்கள் குரலை நீங்கள் கேட்கலாம்.

பதிவான குரல் டிராக்கோடு சரியாக உட்கார்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. 'டிக் டிக்' என்று தட்டும் மெட்ரோனோம் ஒலியை ஒரு டிராக்கில் போட்டு, ஹெட்போனின் ஒரு காதை மைக்கில் அழுத்திப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு திரையில் இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் மூல 'டிக்' ஓரிடத்திலும் பதிவான 'டிக்' சற்றுத் தள்ளியும் நிற்கும். அந்த இடைவெளிதான் உங்கள் கருவியின் தாமதம். இலவச மென்பொருளான ஆடாசிட்டியிலேயே இதைச் சரிக்கட்ட ஓர் அமைப்பு இருக்கிறது. ஒருமுறை கணக்கிட்டுப் போட்டுவிட்டால், அதே கருவியும் அதே அமைப்பும் இருக்கும்வரை கவலையில்லை.

★ 44,100 ஹெர்ட்ஸில் செய்த டிராக்கை 48,000 என்று தவறாக எடுத்துக்கொண்டு கருவி ஓட்டினால், வேகம் கூடுவதோடு சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். ஒரு கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ தொங்கும். கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேராது. 'டிராக் சுருதி விலகியிருக்கிறது' என்று தோன்றினால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

★ டிராக்கை உங்கள் கட்டைக்கு மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவது வழக்கம். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது மூலத்தின் சுருதியிலேயே மல்லுக்கட்டினால், கீழ் ஸ்தாயியில் குரல் காற்றாகப் போய் இசைக்குள் மறைந்துவிடும். இரண்டு மூன்று ஸ்வரஸ்தானம் வரை மென்பொருளில் மாற்றினால் கேட்க நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் தபேலாவும் டிரம்ஸும் பிளாஸ்டிக் சத்தம் போடத் தொடங்கும்.

★ ஹெட்போனில் இரண்டு காதையும் மூடிக்கொண்டால் சிலருக்குச் சுருதி நழுவும். ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடினால் சரியாகிவிடும். ஸ்டுடியோக்களில் பாடகர்கள் பலர் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிவைத்துப் பாடுவது இதற்காகத்தான். திறந்த பக்கத்து ஒலியை மட்டும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் டிராக் கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

★ ஏற்கெனவே பதிவானதன் மேல் பாடுவதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர், வீட்டில் பதிவு செய்த ஒரு கிட்டார் கலைஞர். லெஸ் பாலும் மனைவி மேரி ஃபோர்டும் 1951-இல் வெளியிட்ட 'ஹவ் ஹை தி மூன்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் அடுக்கடுக்காகக் கேட்கும் அத்தனை பெண் குரலும் மேரி ஃபோர்டுடையதே. ஒவ்வோர் அடுக்கையும் பழையதோடு சேர்த்து மறுபடி நாடாவில் ஏற்றும் முறை அது. நடுவில் யாராவது தவறினால் முந்தைய அடுக்குகளும் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

★ கரோக்கி டிராக்கோடு குரல் ஒட்டாததற்கு மிகப் பெரிய காரணம் இது: அந்த டிராக் ஏற்கெனவே முடிந்த பண்டம். அழுத்தி, சமன்செய்து, முழு அளவுக்குச் சத்தமாக்கி, எம்பி3-ஆக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதன்மேல் பச்சையாகப் பதிவான குரலை வைத்தால் இடமே இருக்காது. 'குரல் கேட்கவில்லையே' என்று குரலை ஏற்றுவீர்கள், மொத்தமும் வெடிக்கும், பிறகு லிமிட்டர் போடுவீர்கள், எல்லாம் சப்பையாகும். செய்யவேண்டியது நேர் எதிர். முதல் வேலையாக டிராக்கை 8, 10 டெசிபெல் இறக்குங்கள். பிறகு குரலை இயல்பாக அதன்மேல் வையுங்கள். மொத்தச் சத்தத்தைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

இறக்கிய பிறகும் வயலின், கீபோர்டு, கிட்டார் எல்லாம் குரல் தெளிவாக வாழும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் கூட்டமாக நிற்கும். நம் காதுக்கும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் கூர்மை அதிகம். டிராக்கில் அந்த இடத்தை ஈக்வலைசரால் 2, 3 டெசிபெல் மட்டும் பள்ளமாக்குங்கள். டிராக்கைத் தனியாகக் கேட்டால் வித்தியாசமே தெரியாது. குரலோடு கேட்டால் கதவு திறந்த மாதிரி சொற்கள் முன்னால் வரும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், அங்கே பாட்டு இல்லை, மேசை அதிர்வும் லாரிச் சத்தமும்தான். 200 முதல் 400 வரை கொஞ்சம் குறைத்தால் மந்தம் விலகும்.

★ கம்ப்ரஸர் என்பது சத்தத்தைக் கூட்டும் கருவி அல்ல. ஏற்ற இறக்கத்தை அடக்கும் கருவி. 3:1 என்று வைத்தால், நீங்கள் குறித்த எல்லையை 3 டெசிபெல் தாண்டும் குரல் 1 டெசிபெல் தாண்டியதாக வெளிவரும். ஆனால் கம்ப்ரஸருக்கு முன் கையால் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்கிறவர்கள் குறைவு. தமிழ்ப் பாட்டில் வரியின் கடைசி எழுத்து மூச்சு தீரும் இடத்தில் வந்து அமுங்கிப்போகும். 'ளே', 'மா', 'தோ' என்று முடிகிற அந்த ஒற்றை எழுத்தை மட்டும் திரையில் தேடிப் பிடித்து 2, 3 டெசிபெல் தூக்கிவிடுங்கள். பாட்டு முழுக்க இப்படிச் செய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் தருவதை எந்த விலையுயர்ந்த பிளக்-இன்னும் தராது.

★ செயற்கை எதிரொலியின் வரலாற்றில் ஒரு குளியலறைக்கு இடமுண்டு. 1947-இல் ஹார்மோனிகாட்ஸ் குழுவின் 'பெக் ஓ' மை ஹார்ட்' பதிவில், ஒலிப்பொறியாளர் பில் புட்னம் சிகாகோ ஸ்டுடியோவின் குளியலறையை எதிரொலி அறையாக்கினார். பத்து ஆண்டு கழித்து, 1957-இல் வந்த ஜெர்மானிய இஎம்டி 140 என்பது அதிரும் பெரிய எஃகுத் தகடு. எடை சுமார் 270 கிலோ. இன்று உங்கள் கைபேசியில் 'பிளேட் ரிவெர்ப்' என்று வருவது அந்தத் தகட்டின் ஒலிப் பிம்பம்தான்.

ரிவெர்பை எவ்வளவு போடுவது? டிராக்கில் ஒரு வயலினோ புல்லாங்குழலோ தனியாக முடியும் இடத்தில் அதன் வால் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று காது கொடுங்கள். உங்கள் குரலின் வாலும் ஏறக்குறைய அந்த நீளம் இருந்தால், இருவரும் ஒரே கூடத்தில் நிற்பதாகக் காது நம்பும். 'ப்ரீ-டிலே' என்பதை 20, 30 மில்லி விநாடிக்கு வைத்தால் சொல் முதலில் வரும், எதிரொலி பின்னால் வரும், உச்சரிப்பு கலங்காது. ரிவெர்பைக் கூட்டிக்கொண்டே போய், 'இப்போது நன்றாகக் கேட்கிறது' என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கொஞ்சம் குறையுங்கள்.

★ ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குரல் தடிக்கும். ஜான் லெனனுக்கு மறுபடி மறுபடி பாடுவது அலுப்பாக இருந்ததால், 1966-இல் அபே ரோடு ஸ்டுடியோவின் கென் டவுன்செண்ட் ஒரே பதிவிலிருந்து இரட்டைக் குரல் உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கோரஸ் வரிகளுக்கு இது அழகு. சொல் நுணுக்கம் உள்ள மெலடிக்கு ஒற்றைக் குரலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

★ ஆட்டோ-டியூனை 1997-இல் கொண்டுவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் பூமிக்குள் ஒலியலை செலுத்தி எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். அதே வகைக் கணிதம் சுருதி கண்டுபிடிக்கவும் உதவியது. நம் பாட்டுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தக் கருவிக்கு ஸ்வரங்கள் படிக்கட்டுகள். கமகமோ படிகளுக்கு நடுவே வழுக்கிச் செல்வது. வேகமாகத் திருத்தச் சொன்னால் தோடியின் காந்தார அசைவையே பிழை என்று எண்ணி நிமிர்த்திவிடும். திருத்தும் வேகத்தை நன்றாகக் குறைத்து, விலகிய ஓரிரு இடங்களில் மட்டும் கையால் பயன்படுத்துங்கள்.

★ ஸ்டீரியோ பாட்டில் பாடகர் குரல் இரு பக்கமும் சமமாக, நடுவில் இருக்கும். ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் நடுவில் இருப்பது அழியும். பழைய 'குரல் நீக்கி'களின் சூத்திரம் இதுதான். நடுவில் இருக்கும் பேஸும் டிரம்ஸும் அதோடு போய்விடும், பாடகரின் ரிவெர்ப் மட்டும் ஆவிபோல் மிஞ்சும். 2019-இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற, இயந்திரக் கற்றலில் இயங்கும் மென்பொருள்கள் குரலை இதைவிடச் சுத்தமாகப் பிரிக்கின்றன.

★ சத்தமாக வைத்துக் கேட்டால் எந்தக் கலவையும் நன்றாகத்தான் இருக்கும். குறைந்த சத்தத்தில் அடி ஒலிகள் காதுக்கு மங்கும் என்பதை ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933-இலேயே வரைந்து காட்டினார்கள். ஆகவே இறுதிக் கலவையைப் பேச்சுச் சத்தத்துக்கும் கீழே வைத்துக் கேளுங்கள், கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரிலும் கேளுங்கள். அங்கேயும் சொற்கள் புரிந்தால் குரல் சரியாக உட்கார்ந்துவிட்டது.

★ புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் நியூஜெர்சியில் தன் வீட்டில், டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ என்ற நாலு டிராக் கேசட் கருவியிலும் இரண்டு எஸ்எம்57 மைக்குகளிலும் மாதிரிப் பதிவு செய்தார். இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் மறுபடி பாடிப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. நமக்கு நெருக்கமான உதாரணம் கோடம்பாக்கத்தில் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவில் உருவானதுதான் 1992-இன் 'ரோஜா'.

★ யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் சுமார் -14 லஃப்ஸ் என்ற சராசரி உரப்பை அளவுகோலாக வைத்திருக்கின்றன. அதைவிடச் சத்தமாக ஏற்றினால் அவர்களே இறக்கிவிடுவார்கள், நசுக்கியதுதான் மிச்சம். ஏற்றியது ஒருபுறம் இருக்கட்டும், எந்த எஃபெக்டும் போடாத பச்சைக் குரலை 24 பிட் வேவ் கோப்பாகத் தனியே சேமித்துவையுங்கள். உங்கள் காது அடுத்த வருடம் இன்னும் தேறியிருக்கும். அப்போது மறுபடி கலக்க அந்தக் கோப்பு வேண்டியிருக்கும்.